கல்யாணத்துக்கு அப்புறம் எந்த விசா? பிரிட்டனில் நாங்கள் போட்ட கணக்கு

2025 பிப்ரவரியில் எங்களுக்குக் கோவையில் கல்யாணம் நடந்தது. என் கணவர் லண்டனின் ஹாரோ பகுதியில் பிறந்து வளர்ந்த பிரிட்டிஷ் குடிமகன். அவருடைய அப்பாவும் அம்மாவும் எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் போனவர்கள். நான் 2023 செப்டம்பரில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில், அதாவது நிறுவனம் பொறுப்பேற்றுத் தரும் வேலை விசாவில், ரெடிங் நகருக்கு வேலைக்குப் போனவள். கல்யாணம் முடிந்து திரும்ப விமானம் ஏறக் கிளம்பும்போது அம்மா கேட்டார்: "ஏங் கண்ணு, மாப்பிள்ளைதான் அந்த ஊர்க்காரர் ஆச்சே. இனி உனக்கு எதுக்கு விசா?"

நிறையப் பேருக்கு இந்த நினைப்பு இருக்கிறது. தாலி ஏறியதும் விசா தானாக மாறிவிடாது. பிரிட்டிஷ்காரரைக் கட்டிக்கொண்டால் வேலை விசாவை விட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இருக்கிற விசாவிலேயே தொடரலாம். வாழ்க்கைத் துணைக்கான ஸ்பவுஸ் விசாவுக்கும் மாறலாம். எது நல்லது என்று முடிவு செய்ய எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. கல்யாணத்துக்கு முன்பு என்னோடு ஒரே வீட்டில் இருந்த செவிலியர் அக்கா ஒருவரும் இதே கேள்வியைச் சந்தித்து, என் முடிவுக்கு நேர்மாறான முடிவை எடுத்தார். இரண்டுமே சரியான முடிவுகள் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்று சொல்கிறேன்.

அதற்கு முன், இது யாருக்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் கணவனோ மனைவியோ பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவராகவோ, ஐ.எல்.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருந்தால்தான் பொதுவாக ஸ்பவுஸ் விசா என்ற பேச்சே வரும். அவரும் வேலை விசாவில் இருக்கிறார் என்றால் நீங்கள் மாறக்கூடியது அவரைச் சார்ந்தவர் என்ற முறையில் தரும் டிபெண்டன்ட் விசாவுக்கு. அது தனிக் கதை. சுற்றுலா விசாவில் வந்தவர்கள் உள்ளே இருந்தபடி ஸ்பவுஸ் விசாவுக்கு மாற முடியாது; வேலை விசாவில் இருப்பவர்கள் மாறலாம். கீழே நான் தரும் கட்டணங்கள் எல்லாம் 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்தவை, நான் விண்ணப்பித்தபோது இருந்தவை.

முதலில் பார்க்க வேண்டியது ஆண்டுக் கணக்கு

வேலை விசாவில் ஐந்து ஆண்டு முடித்தால் ஐ.எல்.ஆர். கேட்கலாம். ஸ்பவுஸ் விசாவிலும் ஐந்து ஆண்டுதான். பார்க்க ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றில் ஓடிய காலம் மற்றதில் சேராது. நான்கு ஆண்டு வேலை விசாவில் இருந்துவிட்டு ஸ்பவுஸ் விசாவுக்கு மாறினால், மாறிய நாளிலிருந்து திரும்பவும் பூஜ்யத்தில் தொடங்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்கில் எடுக்கும் ஒரே வழி பத்து ஆண்டு நீண்டகால வசிப்பு விதி.

அக்கா 2020 அக்டோபரில் வந்தவர். 2024 நடுவில் கல்யாணம் ஆனபோது மூன்றே முக்கால் ஆண்டு முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்க, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த நாட்காட்டியில் மாதங்களை விரல் விட்டு எண்ணினார். "இன்னும் பதினஞ்சு மாசம். பல்லைக் கடிச்சுட்டு இருந்துடுவேன்மா" என்றார். அத்தோடு அவருடைய முடிவு முடிந்தது. வேறு எந்த ஒப்பீடும் அவருக்குத் தேவைப்படவில்லை. 2025 அக்டோபரில் அவருக்கு ஐ.எல்.ஆர். வந்தது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. வேலை விசா வழியாக ஐ.எல்.ஆர். வாங்குபவர் குடியுரிமை கேட்க இன்னும் 12 மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் கணவனோ மனைவியோ பிரிட்டிஷ் குடிமகனாக இருந்து, நாட்டில் மூன்று ஆண்டு வசித்திருந்தால், ஐ.எல்.ஆர். கையில் வந்த மறுநாளே விண்ணப்பிக்கலாம். அந்த ஐ.எல்.ஆர். எந்த விசா வழியாக வந்தது என்று பார்ப்பதில்லை. ஆக, அக்கா ஸ்பவுஸ் விசாவைத் தொடாமலே கல்யாணத்தால் கிடைக்கும் அந்தச் சலுகையை வாங்கிக்கொண்டார். குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பதையும் அவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்; அது அவரவர் மனசைப் பொறுத்தது.

எனக்கு நிலைமை வேறு. 2025 ஜூலையில் உட்கார்ந்து எண்ணியபோது ஒரு ஆண்டு பத்து மாதம்தான் ஆகியிருந்தது. மாறினால் அந்த இருபத்திரண்டு மாதம் வீண். வலிக்கிற இழப்புதான், ஆனால் தாங்கக்கூடியது. என் அனுபவத்தில் சொல்வதென்றால், மூன்றரை ஆண்டு தாண்டியவர் மாறுவதற்கு மிகப் பலமான காரணம் வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் இருப்பவர் மற்ற விஷயங்களைத் தயங்காமல் பார்க்கலாம். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் உண்மையான திண்டாட்டம்.

இந்தக் கணக்கையே அசைக்கும் ஒன்று இப்போது வந்திருக்கிறது. 2025 மே மாதம் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஐ.எல்.ஆர்.க்கான காலத்தைப் பொதுவாக ஐந்திலிருந்து பத்து ஆண்டாக்க முன்மொழிந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த கலந்தாய்வு ஆவணம் அதை விரித்துச் சொன்னது: வேலை விசாக்காரர்களுக்கு அடிப்படை பத்து ஆண்டு, சம்பளத்தையும் வேலையையும் பொறுத்துக் கூடும் குறையும், பிரிட்டிஷ் குடிமக்களின் வாழ்க்கைத் துணைகளுக்கு மட்டும் ஐந்து ஆண்டு அப்படியே தொடரும். ஏற்கெனவே நாட்டில் இருந்து இன்னும் ஐ.எல்.ஆர். வாங்காதவர்களையும் புதிய விதிக்குள் கொண்டுவர வேண்டும் என்பதும் அந்த முன்மொழிவில் அடக்கம். நான் மாறிய பிறகு வந்த ஆவணம் இது. முன்பே வந்திருந்தால் ஐந்து மாதம் யோசித்திருக்க மாட்டேன். இப்போது முடிவெடுக்கப் போகிறவர்கள், விண்ணப்பம் போடும் வாரத்தில், விசா விஷயங்களைக் கவனிக்கும் உள்துறை அமைச்சகமான ஹோம் ஆபீஸின் தளத்தில் விதி எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நண்பர்கள் சொன்னதை வைத்து வேண்டாம்.

பணம்

பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். நாட்டுக்குள் இருந்து ஸ்பவுஸ் விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 1,321 பவுண்டு. கிடைப்பது 30 மாத விசா. அதற்கு, அரசு மருத்துவச் சேவைக்காக வாங்கும் மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் 2,587.50 பவுண்டு. இரண்டரை ஆண்டு கழித்து இதே தொகையை இன்னொரு முறை கட்ட வேண்டும். கடைசியில் ஐ.எல்.ஆர். 3,029. எல்லாம் சேர்த்து 10,846 பவுண்டு. வேலை விசாவை ஒரேயடியாக ஐந்து ஆண்டுக்கு எடுத்தால் 1,751-ம் 5,175-ம், அப்புறம் ஐ.எல்.ஆர்.; மொத்தம் 9,955. பல நிறுவனங்கள் இதில் ஒரு பங்கைத் தாங்களே ஏற்கின்றன. ஸ்பவுஸ் விசாவுக்கு எல்லாமே நம் கையிலிருந்துதான்.

செவிலியர்களுக்கு மட்டும் இந்த வித்தியாசம் பெரியது. ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசாவில் இருப்பவர்கள் மருத்துவக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியதே இல்லை. விண்ணப்பக் கட்டணமும் மூன்று ஆண்டுக்கு 304 பவுண்டுதான். அதை விட்டு ஸ்பவுஸ் விசாவுக்குப் போனால், அதே வார்டில் அதே வேலையைச் செய்துகொண்டே அந்த 2,587.50-ஐ முதல் நாளே எண்ணி வைக்க வேண்டும். அக்கா மாறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிடி யார் கையில்

எங்களுக்குக் கடைசியில் முடிவைத் தந்தது இந்தக் கேள்விதான். வேலை விசாவின் பிடி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வேலை போனால், நிறுவனம் ஹோம் ஆபீசுக்குத் தெரிவிக்கும். அங்கிருந்து கடிதம் வரும். வழக்கமாக 60 நாள் அவகாசம். அதற்குள் ஸ்பான்சர் செய்யும் வேறு நிறுவனத்தைப் பிடிக்க வேண்டும். 2025 ஜூலை 22 முதல் வேலை விசாவுக்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது. அறுபது நாளில் வேலை தேடி, நேர்காணல் முடித்து, ஸ்பான்சர்ஷிப் வாங்குவது எவ்வளவு மூச்சு முட்டும் காரியம் என்பதை என் அலுவலகத்தில் இரண்டு பேர் பட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

ஸ்பவுஸ் விசாவில் எந்த வேலையும் செய்யலாம். வாரம் மூன்று நாள் போகலாம், சொந்தமாகத் தொழில் நடத்தலாம், ஒரு வருடம் வேலையே இல்லாமலும் இருக்கலாம். குழந்தை பற்றி யோசிக்கும் பெண்களுக்கு இது முக்கியம். வேலை விசாவில் மகப்பேறு விடுப்பு எடுப்பதில் சிக்கல் இல்லை. விடுப்பு முடிந்து பகுதி நேரமாகப் போக நினைக்கும்போதுதான் சிக்கல். மணிக்கணக்கு குறைந்ததும் சம்பளமும் குறையும், வரம்புக்குக் கீழே போனால் விசாவே ஆட்டம் காணும்.

ஊரில் அதிக நாள் தங்க வேண்டியிருப்பவர்களுக்கு இன்னொன்று. வேலை விசாவில் ஐ.எல்.ஆர். கேட்கும்போது, எந்த 12 மாதத்தை எடுத்துப் பார்த்தாலும் 180 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது. ஸ்பவுஸ் விசாவில் அப்படி நாள் எண்ணும் விதி இல்லை. இருவரும் பிரிட்டனில்தான் நிரந்தரமாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்பது தெரிந்தால் போதும்.

சரி, ஸ்பவுஸ் விசாவின் பிடி எதில்? கல்யாணத்தில். உறவு முறிந்தால் ஹோம் ஆபீசுக்குச் சொல்லியாக வேண்டும், விசா சுருங்கிவிடும். இதைப் பேசவே நம்மில் பலருக்குக் கூச்சம். புதுசாகக் கல்யாணம் ஆனவளிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்: உங்கள் கல்யாண வாழ்க்கையில் ஏதாவது ஒன்று உறுத்துகிறது என்றால், அவசரப்பட்டு வேலை விசாவை விடாதீர்கள். உங்கள் பெயரில் உள்ள விசா உங்களோடு இருக்கட்டும். ஏற்கெனவே ஸ்பவுஸ் விசாவில் இருந்து அடி உதையோ, மிரட்டலோ, பணத்தைப் பிடுங்கிக்கொண்டு அடைத்து வைப்பதோ நடந்தால், விசா போய்விடுமே என்று பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். குடும்ப வன்முறையால் உறவு முறிந்தவர் ஐந்து ஆண்டு முடியும்வரை காத்திராமல் ஐ.எல்.ஆர். கேட்க அந்த நாட்டு விதியிலேயே இடம் இருக்கிறது. "விசா என் கையில்" என்று ஒரு கணவன் மிரட்டினால் அது முழு உண்மை இல்லை.

29,000 பவுண்டு, அப்புறம் காகிதங்கள்

வேலை போனால் அந்த 60 நாளுக்குள் ஸ்பவுஸ் விசாவுக்கு மாறிக்கொள்ளலாமே, இப்போதே எதற்கு என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கதவு எப்போதும் இருக்கும், ஆனால் எப்போதும் திறந்திருக்காது என்பதைக் கணக்குப் போட்டபோதுதான் கண்டுபிடித்தோம்.

2024 ஏப்ரல் 11 முதல் ஸ்பவுஸ் விசாவுக்குக் குறைந்தபட்ச வருமானம் ஆண்டுக்கு 29,000 பவுண்டு. அதற்கு முன் 18,600. நாட்டுக்குள் வேலை அனுமதியோடு இருந்து விண்ணப்பித்தால், இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாம், யாராவது ஒருவர் சம்பளத்தை மட்டும் காட்டினாலும் போதும். எளிமையான வழியில் போக, காட்டப்படுகிறவர் ஒரே நிறுவனத்தில் ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும். என் கணவர் மார்ச்சில் வேலை மாறியவர். ஜூலையில் அவருக்கு நான்கு மாதம்தான். அந்தச் சமயம் பார்த்து என் வேலை போயிருந்தால், என் சம்பளத்தைக் காட்ட முடியாது, அவருடையதையும் அந்த எளிய வழியில் காட்ட முடியாது. சேமிப்பைக் காட்டலாம் என்றால் 88,500 பவுண்டு ஆறு மாதம் கணக்கில் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அது எட்டாத தூரம்.

என் வேலை நிலையாக இருந்தபோதே, என் சம்பளத்தையே காட்டி மாறிவிடலாம் என்று முடிவு செய்தது அதனால்தான். அவர்தான் பிரிட்டிஷ்காரர், அவர்தான் ஸ்பான்சர்; வருமானம் என்னுடையது. இது செல்லும் என்பதே பலருக்குத் தெரியாது. வேலை விசாவில் தொடர்வது என்று நீங்கள் முடிவெடுத்தாலும், நாளைக்கு உங்கள் வேலை போனால் துணைவரின் சம்பளம் மட்டும் 29,000-ஐத் தொடுமா, அவர் அந்த வேலையில் ஆறு மாதம் ஆகிவிட்டாரா என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

காகித வேலையில் மூன்று இரவு போனது. ஸ்லவ் என்ற ஊரில் நாங்கள் எடுத்திருந்த சின்ன வீட்டின் சாப்பாட்டு மேசையில் என்னுடைய ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளான பேஸ்லிப்புகளை வரிசையாகப் பரப்பினோம். ஒவ்வொன்றிலும் கைக்கு வந்த தொகையைப் பச்சை மையால் வட்டமிட்டு, வங்கி அறிக்கையில் அதே தொகையைத் தேடி அதையும் வட்டமிட்டோம். பைசா சுத்தமாக இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஏப்ரலில் மட்டும் போனஸ் தனியாக வரவானதால் ஒத்துப்போகவில்லை. நிறுவனத்திடம் கேட்டுக் கடிதத்தில் அதையும் எழுதி வாங்கினோம். வங்கி அறிக்கையின் கடைசித் தேதி விண்ணப்ப நாளுக்கு 28 நாளுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. எங்கள் முதல் கட்டு அதைத் தாண்டிவிட்டது, திரும்ப எடுத்தோம்.

தமிழர்களுக்கே உரிய தலைவலி பெயர். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இருக்கிறது. கோவை சார்பதிவாளர் அலுவலகத்தில் தந்த திருமணச் சான்றில் இனிஷியல் மட்டும். பேஸ்லிப்பில் முன்னது பின்னதாக. பார்க்கிறவருக்கு மூன்று பெண்கள் போலத் தோன்றும். இனிஷியலின் விரிவு என்ன என்று விளக்கி ஒரு பக்கக் கடிதம் எழுதி, பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் சேர்த்து வைத்தோம். கல்யாணமானதும் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கும் வேலையை விசா முடியும்வரை தள்ளிப் போடுங்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம், 90 நாளுக்குள் செய்துவிட வேண்டும். லீவு முடிகிறது என்று பதிவு செய்யாமல் விமானம் ஏறிவிடாதீர்கள்.

உள்ளே இருந்தா, சென்னையிலிருந்தா

ஊருக்குப் போய் சென்னையிலிருந்து விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. கட்டணம் 1,938. கிடைப்பது 33 மாத விசா என்பதால் மருத்துவக் கட்டணம் மூன்று முழு ஆண்டுக்கு 3,105. காசநோய்ப் பரிசோதனை வேறு. வெளியிலிருந்து போட்டால் நம் சம்பளத்தை எண்ணமாட்டார்கள், துணைவருடையது மட்டும்தான். கையில் செல்லும் வேலை விசாவை வைத்துக்கொண்டு இந்த வழியில் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

உள்ளிருந்து போடுவதில் இருக்கும் ஒரே கஷ்டம், முடிவு வரும்வரை பிரிட்டனையும் அயர்லாந்தையும் விட்டு வெளியே போக முடியாது. போனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். வழக்கமான காத்திருப்பு எட்டு வாரம். கூடுதலாக 1,000 பவுண்டு கட்டினால், கைரேகை கொடுத்த மறு வேலைநாளே முடிவு சொல்லும் சேவை இருக்கிறது. எட்டு வாரம்தானே என்று நாங்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தோம். மூன்றாவது வாரம் பொள்ளாச்சியில் என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், இறந்துவிட்டார். என்னைத் தூக்கி வளர்த்தவர். அடக்கத்தையும் பதினாறாம் நாள் காரியத்தையும் அலுவலகக் கழிவறைக்குள் நின்று போனில் பார்த்தேன். வீட்டில் வயசானவர்கள் உடம்பு முடியாமல் இருந்தால், அந்த ஆயிரம் பவுண்டை எப்படியாவது புரட்டிக் கட்டிவிடுங்கள்.

முடிவு செப்டம்பர் நடுவில் வந்தது. அதுவரை வேலையை விடக் கூடாது, வேலை விசாவின் நிபந்தனைகள்தான் நம்மைக் கட்டும். வந்த அன்றே, என் விசா நிலையை நிறுவனம் இணையத்தில் சரிபார்க்க உதவும் புதிய ஷேர் கோடை மனிதவளப் பிரிவுக்கு அனுப்பினேன். அவர்கள் ஸ்பான்சர்ஷிப்பை முடித்துக்கொண்டார்கள். அதே மேசை, அதே வேலை, அதே சம்பளம். நான் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், விசாச் செலவைத் திருப்பிக் கேட்கும் பிரிவு இருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன். வேலையை விடுகிறவர்களுக்கு மட்டும்தான் என்று இருந்தது.

அடுத்த விண்ணப்பம் 2028 மார்ச்சுக்குள். அதற்கு இப்போதே ஒரு கோப்பு ஓடிக்கொண்டிருக்கிறது: கவுன்சில் டாக்ஸ் எனப்படும் உள்ளாட்சி வரி ரசீது, மின்கட்டண ரசீது, இரண்டு பேர் பெயரிலும் வரும் வங்கிக் கடிதம். தபால் வந்ததும் பிரித்துப் படித்துவிட்டு அதில் செருகுவது என் கணவரின் வேலை.